குப்பியும் நம் அறமும்

(தசலட்சணப் பெருவிழாவில் ஆகிஞ்சன்ய அறத்தைக் குறித்து ஆற்றிய உரை)

 

பத்து அறங்களையும் கற்றறிந்த பெரியோர் இம்மேடையில் விரித்துரைத்து வருகின்றனர். எனக்கு வாய்த்தது ஆகிஞ்சன்யம். அஃதாவது, எனது என்று ஏதுமில்லை என உணரும் பற்றின்மை. அதனை அன்றாடம் நம் கையில் புழங்கும் எளிய பொருள் ஒன்றை முன்வைத்துச் சொல்ல விழைகின்றேன். அப்பொருள் குப்பி.

பற்றின்மையைப் பேச வந்தவன் பாத்திரத்தைப் பேசலாமோ என எண்ண வேண்டா. ஆடையையும் துறந்த திகம்பர முனிவர் பெருமக்கள் மூன்றே உபகரணங்களை உடன் வைத்துள்ளனர்: உயிர்களை ஊறின்றி ஒதுக்க மயிற்பீலி, ஞானத்திற்குச் சாத்திரம், தூய்மைக்குக் கமண்டலம். எல்லாவற்றையும் விட்டவர்களும் விடாது வைத்த கலம் ஒன்று உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். பொருள் வைத்திருப்பது மட்டும் பற்று அன்று. எதற்காக, எவ்வளவு, எத்துணைக் கருத்தோடு வைத்திருக்கிறோம் என்பதே வினா.

இக்கலம் தமிழ் மண்ணில் மிகப் பழையது. மதுரைக் காஞ்சி, மதுரை நகரத்துச் சமணப் பள்ளியை வருணிக்குமிடத்தில், நோன்பிகள் உறியில் தொங்கவிட்ட குறுகிய வாயுடைய கரண்டையைக் குறிப்பிடுகின்றது. கரண்டை என்பது நீர்க்குண்டிகை. வாய் குறுகினால் நீர் சிந்தாது, பூச்சி எளிதில் விழாது, மூடுவதும் எளிது. இன்றைய குப்பியின் வடிவமும் அதுவே. நம் இல்லறத்தார் ஒழுக்கம் கூறும் தமிழ் நூலுக்கு அருங்கலச்செப்பு என்று பெயர். செப்பு என்பதும் மூடியுள்ள கலமே. காக்க வேண்டியதைக் கலத்தில் இட்டு மூடிக் காப்பது நம் முன்னோர்க்கு இயல்பான எண்ணம்.

கண்ணாடியும் தமிழர்க்குப் புதியதன்று. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியிலும், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. எனினும் குழலால் ஊதிக் குப்பி செய்யும் முறை, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர் சிரியாவை ஒட்டிய கடற்கரைப் பகுதியில் தோன்றியது. ஒவ்வொன்றாக ஊதிச் செய்ததால் குப்பி நெடுங்காலம் அருமையான பொருளாகவே இருந்தது. நம் சித்த மருத்துவர்கள் காசிக்குப்பிக்குச் சீலைமண் பூசி, மணலில் புதைத்து எரித்து மருந்து செய்தனர். 1903இல் அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் குப்பி செய்யும் தானியங்கிப் பொறியை நிறைவு செய்தார். அதன் பின்னர் மை, மருந்து, எண்ணெய், பால் என அனைத்தும் முன்னினும் பெருமளவில் குப்பியில் நிறைந்தன. குப்பி, புட்டி, சீசா, பாட்டில், ஈழத்தமிழர் வழங்கும் போத்தல் என இத்தனை பெயர்கள் நம் மொழியில் நிலைத்திருப்பதே அது வீடுதோறும் புகுந்தமைக்குச் சான்று.

நமக்கு இதில் தனிப்பட்ட நன்மையும் உண்டு. நெய்யும் எண்ணெயும் தோற்கலங்களில் சுமந்து செல்லப்பட்ட காலம் ஒன்றிருந்தது. தோலில் வைத்த நீரையும் நெய்யையும் எண்ணெயையும் சிராவகர் கொள்ளலாகாது என்பது நம் ஆசார விதி. உயிர்க்கொலையின் சுவடு படாத கண்ணாடி, அவ்விதியைக் காப்பதை எளிதாக்கிற்று.

இனிச் செட்டிநாட்டிற்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருட் கடைகள் வரிசையாக உள்ளன. பீங்கான் ஜாடிகள், மங்குச் சாமான்கள், மூடி இழந்த வாசனைக் குப்பிகள், மருந்துச் சீசாக்கள் எல்லாம் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வணிகம் செய்து ஈட்டிய செல்வத்தால் எழுப்பிய வீடுகளில் ஒருகாலத்தில் பூட்டிக் காக்கப்பட்டவை அவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். பின்னர் அந்நாட்டில் நிலங்கள் அரசுடைமையாயின. பெருஞ்செல்வம் கைவிட்டுப் போயிற்று. வீடுகள் பங்கு பிரிந்தன. பொருள்கள் தெருவுக்கு வந்தன. கொடையிலும் கல்விப் பணியிலும் சிறந்த அச்சமூகத்தைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. எவர் ஈட்டியதும் எவரிடமும் நில்லாது என்னும் ஆகிஞ்சன்யப் பாடம், அத்தெருவில் விலைச்சீட்டோடு நிற்கின்றது. இன்னொன்றும் அங்கே காணலாம். 100 ஆண்டு கடந்தும் அக்குப்பிகள் பயன்படுகின்றன. ஒரு கை விட்டதை மறு கை எடுக்கின்றது.

நம் ஊர்களில் அன்று எப்பொருளும் வீணாகவில்லை. நல்லெண்ணெய் வாங்கச் செக்கிற்கு வீட்டுக் குப்பியையே கொண்டு சென்றோம். தீர்ந்த மருந்துக் குப்பி கழுவிக் காயவைக்கப்பட்டு விளக்கெண்ணெய்க்குப் பயன்பட்டது. எஞ்சியவற்றைப் பழைய பேப்பர், பாட்டில் வாங்குபவர் எடுத்துச் சென்றார். கோலி சோடாக் குப்பியை எண்ணுங்கள். ஆங்கிலேயரான ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடுகின்றது; எறிவதற்குத் தனி மூடி இல்லை. கடையிலேயே நின்று குடித்துக் குப்பியைத் திருப்பித் தந்தோம். சோடா நமது, குப்பி நமதன்று. சிறுவரும் அறிந்த ஆகிஞ்சன்யம் அது!

அந்நிலை இன்று மாறிவிட்டது. 1973இல் அமெரிக்காவில் நத்தானியேல் வைத் காப்புரிமை பெற்ற பிளாஸ்டிக் குப்பி, எடையற்றது, உடையாதது. மருத்துவமனையிலும் வெள்ளக் காலத்திலும் அதனால் விளைந்த நன்மையை மறுக்க இயலாது. ஆயின் ஒருமுறை குடித்து எறிவதற்கென்றே ஒரு கலத்தைச் செய்யும் வழக்கமும் அதனோடு பரவிற்று. தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடை செய்தது. தண்ணீர்ப் பாக்கெட் தடையில் சிக்கியது. தண்ணீர்க் குப்பி தப்பியது.

கண்ணாடியாயினும் எறிந்தால் தீங்கே. நீலகிரிக் காடுகளில் வீசப்பட்ட மதுக்குப்பிகளின் சில்லுகள் யானை முதலிய விலங்குகளின் கால்களைக் கிழித்தன. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டதன் பின்னர், 2022 மே மாதம் அம்மாவட்டத்தில் குப்பிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிக் குப்பியைத் திருப்பினால் அத்தொகையைத் திருப்பித் தரும் முறை வந்தது. மதுவை நாம் தொடுவதில்லை. ஆயின் இந்நிகழ்ச்சி உணர்த்துவது நமக்கும் உரியது. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிட்சேபணம், பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பு. உத்சர்க்கம், கழிப்பதை உயிர்க்கு ஊறில்லாத இடத்தில் கழித்தல். எறிவதும் ஒரு செயல். அதற்கும் வினை உண்டு.

இப்பொழுது நம் விழாப் பந்தலை நோக்குவோம். பந்தி முடிந்ததும் பாதி குடித்த தண்ணீர்க் குப்பிகள் இலையோரத்தில் கிடக்கின்றன. இனிப்பு நீர் எஞ்சிய குப்பிகளில் எறும்பும் ஈயும் புகுந்து மடிகின்றன. பயனின்றி நீரைச் சிந்துதலும் மண்ணைத் தோண்டுதலும் அநர்த்த தண்டத்துள் பிரமாத சரியை என்று நம் நூல்கள் விலக்குகின்றன. இது வேறு என்ன?

"குப்பி நீர் தூய நீர் அல்லவா?" என்று சிலர் கேட்பர். நம் ஆசாரப்படி, துணியில் வடிகட்டிய நீர்க்கு 48 நிமிடமே தகுதி. நன்கு காய்ச்சிய நீர்க்கு 24 மணி நேரம். வடிகட்டிய துணியில் தங்கிய சிற்றுயிர்களை, நீர் எடுத்த கிணற்றிலேயே மீண்டும் சேர்த்தல் வேண்டும். ஆலையில் என்றோ அடைத்து முத்திரையிட்ட நீர், அரசின் சுகாதார அளவையில் தேறலாம். சிராவகரின் அளவையில் அது வடிகட்டிய நீர் ஆகாது. தூய்மை என்பது குடிப்பவரின் நலன் மட்டுமன்று. நீரில் வாழும் உயிரின் நலனும் ஆகும்.

ஆதலின் அறக்கட்டளைப் பெரியோர்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒன்று, அடுத்த ஆண்டு விழாவில் தண்ணீர்க் குப்பி வாங்குவதில்லை எனத் தீர்மானித்தல். அன்றன்று காய்ச்சி ஆற்றிய நீரை மூடிய அண்டாக்களில் வைத்து, எவர்சில்வர் தம்ளரில் வழங்கலாம். தம்ளர் கழுவ ஆள் வேண்டுமே என்பர். அப்பணியை நம் இளைஞர்கள் தொண்டாக ஏற்கட்டும். இரண்டு, குடும்பந்தோறும் சொந்தக் குப்பியோடு வருதல். மூன்று, வீட்டில் எண்ணெய், நெய்க் குப்பிகளை ஒருபோதும் திறந்து வையாமை. உடைந்த கண்ணாடியைத் துணியிலோ தாளிலோ பொதிந்து, தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியே தருதல். அவர் கையும் ஓர் உயிரின் கையே.

முனிவரைப் போல் அனைத்தையும் துறத்தல் இல்லறத்தார்க்கு இன்றே கூடுவதன்று. கமண்டலம் ஏந்தும் கை அதனைக் காக்கும் கருத்தோடு, நாமும் நம் குப்பியைக் காத்தல் இன்றே கூடும். அத்தீர்மானம் இவ்விழா முடியுமுன் நிறைவேறுமாக.