காட்டைக் காப்பது யார் அதிகாரம்?
பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களின் அனுபவம்

(பெங்களூரு ஆஸ்டின் டவுனில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இயற்கை வளங்களையும் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளையும் நிர்வகிப்பதில் உள்ளூர் மக்களின் பங்கு என்ற பொருளில் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். ஆஸ்டின் டவுனில் காடு எங்கே இருக்கிறது என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் வீட்டுக் குழாய்களுக்குக் காவிரி நீர் தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து வருகிறது. சாமராஜநகர் மாவட்டத்துப் பிலிகிரிரங்கன் மலைப் பக்கமிருந்து இறங்கும் சுவர்ணாவதி ஆறு கொள்ளேகால் வட்டாரத்தில் அந்தக் காவிரியோடு கலக்கிறது. அந்த மலைக்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் சோளகர்கள். கன்னடத்தில் சோலிகர் என்பார்கள். எல்லைக்கு அப்பால் சத்தியமங்கலம், தாளவாடி, பர்கூர் மலைகளிலும் அதே மக்கள் வாழ்கிறார்கள். ‘சோளகர் தொட்டி’ நாவலைப் படித்த தோழர்களுக்கு அவர்கள் புதியவர்கள் அல்லர்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். ஆவணங்களை மொழிபெயர்ப்பவனுக்குச் சொற்களின் மீது சந்தேகம் எழுவது தொழில்நோய். அரசும் பன்னாட்டு நிதி நிறுவனங்களும் வெளியிடும் அறிக்கைகளில் ‘உள்ளூர் மக்களை ஈடுபடுத்துதல்’ என்ற தொடர் தவறாமல் வரும். ஈடுபடுதல் தன்வினை, ஈடுபடுத்துதல் பிறவினை. மக்கள் தாமாகச் செய்யும் செயல் அங்கே இல்லை. யாரோ ஒருவர் அவர்களைச் செய்விக்கிறார். செய்விப்பவர் வனத்துறை அலுவலர். வேண்டும்போது ஈடுபடுத்துவார், வேண்டாதபோது விலக்குவார். நம் நாட்டு வனக்கொள்கையின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இந்த இலக்கணத்துக்குள் அடங்கியிருக்கிறது.

1878ஆம் ஆண்டின் வனச்சட்டம் காட்டை அரசின் சொத்தாக்கியது. 1927ஆம் ஆண்டின் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. அதுவரை வழக்கமாக இருந்த விறகும் தேனும் மேய்ச்சலும் அன்றுமுதல் குற்றங்களாயின. தோழர்கள் இங்கே இளம் மார்க்சை நினைவுகூர வேண்டும். ரைன் மாகாணச் சட்டமன்றம் காட்டில் உதிர்ந்த சுள்ளி பொறுக்குவதைத் திருட்டு என்று தண்டிக்க முற்பட்டபோது, 1842இல் அவர் அதைக் கண்டித்து எழுதினார். பொருளாதாரப் பிரச்சனைகளை ஆராயத் தம்மைத் தூண்டியவற்றில் அந்த விவாதமும் ஒன்று என்று 1859இல் அவரே பதிவு செய்திருக்கிறார். காடு நமக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பிரச்சனை அன்று.

1990 ஜூன் மாதம் ஒன்றிய அரசு கூட்டு வன மேலாண்மைக்கான சுற்றறிக்கையை வெளியிட்டது. ஊர்தோறும் வனக்குழுக்கள் அமைந்தன. மக்கள் கன்று நட வேண்டும், காவல் காக்க வேண்டும், தீ பிடித்தால் அணைக்க வேண்டும்; விளைச்சலில் ஒரு பங்கு கிடைக்கும். ஆனால் திட்டமும் நிதியும் வனத்துறையின் கையிலேயே இருந்தன. பங்கேற்பு என்ற பெயரில் கூலியில்லாக் காவல் வேலை நடந்தது என்று சொன்னால் சிலருக்குக் கசக்கும். நல்ல குழுக்களும் இருந்தன, மறுக்கவில்லை. அவை நல்ல அலுவலர் இருந்தவரை நல்லவையாக இருந்தன.

இனிப் பிலிகிரிரங்கன் மலைக்கு வருவோம். 1974இல் அது வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் இடம் மாற்றிமாற்றிப் பயிரிட்டு வாழ்ந்த சோளகர்கள் சாலையோரக் குடியிருப்புகளுக்கு நகர்த்தப்பட்டனர். அவர்களது வேளாண்மை முறை நின்றது, வேட்டை நின்றது, அவர்கள் வைக்கும் தீயும் தடுக்கப்பட்டது. எஞ்சியது சேகரிப்பு மட்டுமே: தேன், நெல்லிக்காய், சீகைக்காய், பாசி. பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக இவை விற்பனையாயின. குடும்பங்களின் ரொக்க வருமானத்தில் ஏறக்குறைய பாதி இதிலிருந்து வந்தது. 2000த்தின் நடுப்பகுதியில், திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி, விற்பனைக்கான சேகரிப்பும் தடை செய்யப்பட்டது. கூடையும் கையுமாகக் காட்டுக்குப் போனவர்கள் காப்பித் தோட்டங்களுக்கும் நகரத்துக் கட்டட வேலைக்கும் கூலிகளாகப் போனார்கள்.

இந்தத் தடையால் காடு செழித்ததா? இதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கோடையின் தொடக்கத்தில், சருகு முழுதும் காய்வதற்கு முன், சோளகர்கள் தரையில் மெல்லிய தீ வைப்பது வழக்கம். ‘தரகு பெங்கி’ என்பார்கள். நம் மொழியில் சருகுத் தீ. புதர் எரியும், மரம் எரியாது. வனத்துறையின் கண்ணில் இது நாசவேலை. தீயைத் தடுத்தபின் காட்டுக்குள் உன்னிச்செடி மண்டியது என்பது சோளகர்களின் கூற்று. ஆய்வாளர்கள் அதே காட்டின் மாதிரித் துண்டுகளை எண்ணிப் பார்த்தார்கள். 1997இல் 41 விழுக்காடு துண்டுகளில் இருந்த உன்னிச்செடி, 2008இல் 81 விழுக்காடு துண்டுகளுக்குப் பரவியிருந்தது. உன்னிச்செடி அடர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை; புல் இல்லையேல் மானுக்கு இரை குறையும். நெல்லி மரங்கள் குறைவதற்கும் சோளகர்கள் காய் பறிப்பதே காரணம் என்று சொல்லப்பட்டது. நெல்லியின் மீது படரும் புல்லுருவியும் உன்னிச்செடியின் நெருக்கமுமே அதைவிடப் பெரிய காரணங்கள் என்று ஆய்வுகள் காட்டின. புல்லுருவியைப் பற்றிச் சோளகர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். கேட்க வேண்டிய கடமை யாருக்கும் இருக்கவில்லை. தோழர்களே, பிறவினையின் விளைவு இதுதான்: அறிவு ஓரிடத்தில், அதிகாரம் வேறோரிடத்தில்.

இதை மாற்றியது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரித்த ஆட்சிக்காலத்தில், நாடெங்கும் பழங்குடி அமைப்புகள் நடத்திய போராட்டத்தின் பயனாக வந்த சட்டம் அது. வீட்டுமனைப் பட்டாவுக்கான சட்டமாக மட்டும் அதைப் பார்க்கிறோம், அது போதாது. அதன் மூன்றாம் பிரிவு, தாம் வழிவழியாகக் காத்துவரும் சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் மீட்டுருவாக்கவும் நிர்வகிக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது. உரிமைக் கோரிக்கையைப் பெற்று விசாரிக்கத் தொடங்கும் அதிகாரம் கிராம சபையுடையது. சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் இதற்கு விலக்கல்ல. வனவிலங்குகளுக்காக மக்களை இடம்பெயர்க்க வேண்டுமானால், சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்று நிறுவ வேண்டும். கிராம சபை விவரமறிந்து, சுதந்திரமாக, எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும்.

சோளகர்கள் இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். மூத்தவர்கள் தம் குலங்களின் எல்லைகளையும் வழிபாட்டிடங்களையும் நடந்து காட்ட, வரைபடங்கள் உருவாயின. இடையில் 2011 ஜனவரியில் 574 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வெளியேற்றம் நெருங்குகிறது என்ற அச்சம் எழுந்தது. கோரிக்கையை அவர்கள் கைவிடவில்லை. 2011 அக்டோபர் 2ஆம் நாள் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைப் பட்டாக்கள் வழங்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இந்த உரிமை ஏற்கப்பட்டது நாட்டில் அதுவே முதல்முறை.

அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னர், செப்டம்பர் 29 அன்று, வாச்சாத்தி வழக்கில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1992 ஜூன் 20இல் சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று ஊருக்குள் நுழைந்து, 18 பெண்களை வன்புணர்வு செய்து, வீடுகளைச் சூறையாடிய கொடுமையை நாம் மறக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் 126 பேர் வனத்துறையினர். அந்தத் தண்டனையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. ஒரே வாரத்தில் நிகழ்ந்த இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். காட்டின் மீது ஒரு துறைக்குக் கேள்வியற்ற அதிகாரம் இருந்தால் எது நிகழும் என்பதற்கு ஒன்று சாட்சி. அந்த அதிகாரத்தில் முதல் விரிசல் விழுந்ததற்கு மற்றொன்று சாட்சி.

2010க்கும் 2014க்கும் இடையில் பிலிகிரிரங்கன் மலையில் புலிகளின் எண்ணிக்கை 35இலிருந்து 68 ஆக உயர்ந்தது. பட்டா கொடுத்ததால் புலி பெருகியது என்று நான் வாதிடப்போவதில்லை. மூன்றாண்டுக் கணக்கை வைத்து அப்படிச் சொல்வது அறிவியல் ஆகாது. ஆனால் மனிதர் இருந்தால் புலி இராது என்ற வாதத்துக்கு அந்த மலை இடம் கொடுக்கவில்லை.

பட்டா கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. மேலாண்மைத் திட்டம் யாருடையது, சருகுத் தீயை யார் முடிவு செய்வது என்ற கேள்விகளில் வனத்துறை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2017இல் புலிகளின் முக்கிய வாழ்விடங்களில் வன உரிமை வழங்குவதையே நிறுத்தி வைத்தது; எதிர்ப்புக்குப் பின் 2018இல் அதைத் திரும்பப் பெற்றது. 2019 பிப்ரவரியில், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டே வாரத்தில் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூனில் அதே ஆணையம் முக்கிய வாழ்விடங்களில் இன்னும் 591 ஊர்களில் 64,801 குடும்பங்கள் இருப்பதாகக் கணக்கிட்டு, இடமாற்றத்தை விரைவுபடுத்துமாறு மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கடிதத்தில் ‘தாமாக முன்வந்து இடம்பெயர்தல்’ என்ற தன்வினை வருகிறது. மக்களுக்குத் தன்வினையை அரசு வழங்கும் ஒரே இடம் அதுதான் போலும்.

நாகரஹொளேயைப் பாருங்கள். ஜேனு குருபர்களை வெளியேற்றிய அதே தேசியப் பூங்காவுக்குள் நட்சத்திர ஓட்டலுக்கு இடம் குத்தகைக்கு விடப்பட்டது. ஆதிவாசிகள் வழக்குத் தொடுத்தபின் 1997இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. தேன் எடுப்பவர் கால் வைத்தால் கெடும் காடு, விருந்தினர் கார் நுழைந்தால் கெடாது என்பதே அன்றைய பாதுகாப்புத் தத்துவம். 2025 மே மாதம் 52 ஜேனு குருபக் குடும்பங்கள் தம் மூதாதையர் ஊரான கரடிகல்லு ஆத்தூர் கொல்லிக்குத் திரும்பிச் சென்றன. அவர்களின் சட்டப் போராட்டம் அதோடு முடியவில்லை.

நம் தரப்பிலும் பேச வேண்டியது உண்டு. கிராம சபை என்றாலே மக்கள் அதிகாரம் என்று கருதிவிடக் கூடாது. கூட்டத்தை யார் கூட்டுகிறார், பெண்கள் பேசுகிறார்களா, தீர்மானப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது, அதில் எழுதியதை மக்களுக்கு அவர்கள் பேசும் மொழியில் படித்துக் காட்டினார்களா என்பதையெல்லாம் கவனிக்க வேண்டும். சம்மதம் என்று பின்னாளில் நீதிமன்றத்தில் காட்டப்படுவது அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கம். பழங்குடியினரிடையே வேலை செய்யும் தோழர்களுக்குச் சட்டத்தின் 3, 4, 5, 6ஆம் பிரிவுகளைக் கன்னடத்திலும் தமிழிலும் எளிய நடையில் கொடுக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. தமிழ்ப் பகுதியை நான் எழுதித் தருகிறேன். கன்னடத்துக்குத் தோழர்கள் ஒருவரைப் பணிக்க வேண்டும். சட்டச் சொற்களை முதலில் சோளகத் தோழர்களிடம் வாசித்துக் காட்டி, அவர்களுக்குப் புரியாதவற்றை மாற்றிய பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். இது பற்றிய உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது.