விருந்தாய் வந்த மாணவரும் காஞ்சி மாநகரும்



காஞ்சிபுரம் வட்டத்தைச் சார்ந்த சிற்றூர் முசரவாக்கம். அதனைப் போன்ற ஊர்களின் பள்ளிகள் அயல்நாட்டுப் பள்ளிகளோடு மாணவர் பரிமாற்றம் செய்துகொள்ளுமாயின், வரும் பிள்ளைகளுக்கு எதனைக் காட்டுவது, யார் எடுத்துச் சொல்வது என்னும் வினாக்கள் எழும். பேருந்தில் ஏற்றி நான்கு கோயில்களைக் காட்டி, பட்டுக்கடை வாயிலில் இறக்கிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவது எளிது. ஆனால் கல்வி நாடி வந்த அயலாரை விருந்தாக ஏற்பது காஞ்சிக்குப் புதியதன்று. அந்த நீண்ட வரலாற்றில் ஒரு பிழையும் உண்டு. ஒரு பெருமையும் உண்டு. இரண்டுமே இன்றைய பள்ளிகளுக்குப் பாடமாகும்.

முதலில் பிழையைக் காண்போம். கி.பி. 4ஆம் நூற்றாண்டில், இன்றைய கருநாடக மாநிலத்துச் சிவமொக்கா மாவட்டத்திலுள்ள தாளகுந்தாவிலிருந்து மயூரசர்மன் என்னும் அந்தண இளைஞன் தன் ஆசிரியர் வீரசர்மரோடு காஞ்சிக் கடிகைக்குக் கற்க வந்தான். கடிகை என்பது வேதமும் சாத்திரங்களும் பயிற்றிய உயர்கல்வி நிலையம். அங்கே பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு அவனுக்குப் பூசல் மூண்டது. அவமதிக்கப்பட்ட மாணவன் ஏட்டை வைத்துவிட்டு வாளை ஏந்தினான். ஸ்ரீபர்வதக் காடுகளைத் தன் அரணாகக் கொண்டு பல்லவரின் எல்லைக் காவலரை வென்றான். முடிவில் பல்லவரே அவனை அரசனாக ஏற்க நேர்ந்தது. கதம்பர் அரசு பிறந்தது. அடுத்த நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட தாளகுந்தாத் தூண் கல்வெட்டு இச்செய்தியை உரைக்கின்றது. கடிகையின் ஆசிரியர்கள் குறைவின்றிக் கற்பித்திருக்கலாம்; குதிரை வீரனோடு நேர்ந்த ஒரு பூசல் அத்தனையையும் அழித்துவிட்டது. விருந்தோம்பல் என்பது பள்ளிச் சுவருக்குள் முடிந்துவிடும் செயலன்று. ஊர் முழுவதும் ஏற்க வேண்டிய பொறுப்பு.

இனிப் பெருமையைக் காண்போம். சீனத் துறவி யுவான் சுவாங் கி.பி. 640ஆம் ஆண்டளவில், முதலாம் நரசிம்மவர்மன் ஆட்சியில் காஞ்சிக்கு வந்தார். நாலந்தாவில் அவருக்குக் கற்பித்தவர் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சி. ஆகவே யுவான் சுவாங் தம் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த மண்ணைக் காண வந்த மாணவராகவே இங்கு வந்தார் எனலாம். ஈழத்திற்குச் செல்ல விரும்பிய அவர், அரசன் இறந்து நாடு பஞ்சத்திலும் கலகத்திலும் தவித்தமையால் அங்கிருந்து காஞ்சிக்கு வந்துசேர்ந்திருந்த துறவியரைக் கண்டு, யோக நூலின் ஐயங்களை அவர்களிடம் வினவினார். வந்த விருந்தினரே விருந்தினரிடம் பாடம் கேட்கும் அளவுக்கு அந்நகரம் திறந்த வாயிலோடு இருந்தது.

இந்நாட்டு மக்கள் அஞ்சாமையும் வாய்மையும் உடையவர், கல்வியைப் பெரிதும் மதிப்பவர் என்று அவர் எழுதினார். 100 அளவிலான பௌத்தப் பள்ளிகளும், 10,000 துறவியரும், 80 அளவிலான தேவர் கோயில்களும் இருந்தமையையும் குறித்தார். 645இல் தாயகம் திரும்பிய அவருடைய குறிப்புகள் இன்றும் வாழ்கின்றன. அவர் கண்ட பௌத்தப் பள்ளிகளுள் ஒன்றேனும் இன்று காஞ்சியில் நிற்கவில்லை. கிடைத்த புத்தர் படிமங்கள் சிலவே எஞ்சின. செங்கல்லும் மரமும் மறைந்தன. விருந்தினரின் ஏடு நிலைத்தது. தன் ஊரின் ஒரு காலத்தை அறியக் காஞ்சி மகன் இன்று சீன மாணவரின் எழுத்தையே நாட வேண்டியுள்ளது.

இங்கேதான் இன்றைய பரிமாற்றத்தின் உட்பொருள் விளங்குகின்றது. வரும் பிள்ளை வேடிக்கை பார்ப்பவன் அல்லன், நாளைய சாட்சி. அவனுக்கு எது காட்டப்படுகின்றதோ அதுவே அயல்நாட்டில் காஞ்சியாக நிலைக்கும். உள்ளூர்ப் பிள்ளை அறியாததை அவனுக்கு யார் காட்ட இயலும்?

இராசசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயில் ஒன்றே சான்று. அதன் திருச்சுற்றுச் சிற்றாலயங்களில் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களை 1931இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர், புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய். அன்றாடம் வழிபட்டவர் கண்ணுக்குப் படாதது அயலார் கண்ணுக்குப் பட்டது. அதே கோயிலில் ஒரு கன்னடக் கல்வெட்டும் உண்டு. காஞ்சியை வென்ற சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிற் செல்வத்தைக் கவராது மீண்டும் இறைவனுக்கே அளித்ததை அது கூறுகின்றது. பகைவனையும் பணிய வைத்த அழகு அது. இதனை முசரவாக்கத்துச் சிறுவன் ஒருவன் தன் வாயால் எடுத்துரைப்பானாயின், வழிகாட்டி நூல் பத்து செய்யாததை அச்சொல் செய்யும்.

கோயிலுக்கு அடுத்துத் தறி. காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டின் ஊடையும் வரிக்கு வரி ஒன்றையொன்று கோத்துச் செல்லும். மூன்று நாடாக்கள் ஓட வேண்டுதலின் நெசவாளர் ஒருவர் மட்டும் போதார். கரை நாடாவைச் செலுத்த மறுபக்கம் துணையாள் ஒருவர் அமர வேண்டும். இன்று அத்துணையாள் கிடைப்பதே அரிது. பிள்ளைகள் தொழிற்சாலைப் பணியை நாடுகின்றனர், அது குற்றமுமன்று. எனினும் அயல்நாட்டு மாணவன் தறியின் அருகே அமர்ந்து, கூலி எவ்வளவு, சேலை விலை எவ்வளவு என்று வினவும்போது, உடனிருக்கும் உள்ளூர்ப் பிள்ளை அவ்வினாவை முதன்முறையாகக் கேட்பவனாக இருத்தல் ஆகாது.

ஆதலின் விருந்தினர் வருமுன் உள்ளூர்ப் பிள்ளைகள் கோயிலையும் தறியையும் ஒருமுறை கண்டுவரட்டும். கல்வெட்டின் நான்கு எழுத்தையேனும் படிக்கப் பழகட்டும். வந்த பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உண்ணட்டும்; தம் நாட்டுச் செய்தியையும் சொல்லட்டும். கோர்வையில் கரையும் உடலும் தத்தம் நிறத்தை இழப்பதில்லை. ஆயினும் பிரித்தெடுக்க இயலாது. பரிமாற்றமும் அவ்வாறே அமையட்டும்.

மயூரசர்மன் சென்ற வழியும் யுவான் சுவாங் சென்ற வழியும் ஒரே ஊரிலிருந்தே புறப்பட்டன. அடுத்து வரும் மாணவன் எவ்வழியே திரும்புவான் என்பது ஊராரின் கையில் உள்ளது.