கணினி அடிக்கடி நின்று போவது ஏன்?



வீட்டுக் கணினி அடிக்கடி நின்று போனால், பெற்றோர் பலர் முதலில் சொல்வது, "பையன் கேம் விளையாடிக் கெடுத்துவிட்டான்" என்பதுதான். பிறகு அது கடைக்குப் போகும். அங்கே ஃபார்மட் செய்வார்கள். சேர்த்து வைத்த குடும்பப் படங்களும் பிள்ளையின் பள்ளி வேலைகளும் அழிந்துவிடும். ஒரே வாரத்தில் கணினி மறுபடியும் நிற்கும். கோளாறு மென்பொருளில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது.

ஆகவே, முதல் வேலையாகக் கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுங்கள். அடுத்து, கணினி எப்போது நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள்.

அரைமணி நேரம் ஓடி, சூடேறியபின் அணைகிறதா? விசிறியில் தூசு அடைத்திருக்கலாம். அதிகச் சூட்டில் கருகாமல் இருக்கவே செயலி தானாக நின்றுவிடுகிறது. மின்கம்பியைக் கழற்றிவிட்டுத் தூசைத் துடையுங்கள்.

நேரம் காலமின்றி நீலத்திரை வருகிறதா? 'ரேம்' எனும் நினைவகத்தைச் சந்தேகிக்கலாம். 2007-இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா தொடங்கி, அதைச் சோதிக்கும் வசதி விண்டோசிலேயே இருக்கிறது.

கனமான விளையாட்டின்போது சட்டென்று அணைகிறதா? பெரும்பாலும் பவர் சப்ளை பலவீனமாகியிருக்கும். அதை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

கடைக்குப் போகும்போது அந்தத் தாளையும் கொடுங்கள். படங்களும் தப்பும், பிள்ளையும் வீண்பழியிலிருந்து தப்புவான்.