வகுப்பறை யாரை வரவேற்கிறது?



இனிய வகுப்பறையை அமைப்பது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். சுவரில் படங்கள் வேண்டும், காற்றோட்டம் வேண்டும், ஆசிரியர் மலர்ந்த முகத்துடன் நுழைய வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சி நூல்கள் கூறும். அவை நல்லனவே. எனினும் கல்லிடைக்குறிச்சியில் இப்பொருளைப் பேசப் புகுந்தால் நாம் தண்ணீர்ப் பானையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1922ஆம் ஆண்டு வ.வே.சு. ஐயர் நிறுவிய தமிழ்க் குருகுலம் முதலில் இவ்வூரில்தான் நடைபெற்றது. பின்னரே சேரன்மகாதேவிக்கு மாறிற்று. இலண்டனில் சட்டம் பயின்றவர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், நாட்டு விடுதலைக்காகத் துன்பங்களை ஏற்றவர் அவர். தமிழ்நாடு காங்கிரசு அக்குருகுலத்திற்கு ஐயாயிரம் ரூபாய் அளித்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் உணவும் நீரும் தனியே வழங்கப்பட்டன. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதனை எதிர்த்தனர். வழக்கு காந்தியடிகள் வரை சென்றது. 1925 ஜூனில், பாபநாசம் மலை அருவியில் மகளைக் காக்க முனைந்து ஐயர் உயிர் நீத்தார். அவரை இகழ நாம் இதனைச் சொல்லவில்லை. அறிவும் தியாகமும் நிறைந்த ஒருவரது பள்ளியிலேயே, பாடத்தைக் காட்டிலும் பந்தி வலிமையாகக் கற்பித்துவிட்டது என்பதே நம் கவலை.

இன்னுமொன்று. அப்பெரும் வாதம் பெரிதும் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற கணக்கிலேயே நடந்தது. நம் தெருச் சிறுவன் ஒருவன் அங்கே போய் நின்றிருந்தால் அவனுக்கு எங்கே இலை போட்டிருப்பார்கள்? அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். உட்காரச் சாக்குத் துணியை வீட்டிலிருந்து கொண்டு செல்வார். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்புவார்.

அக்காலம் போயிற்று என்பார் உளர். ஓரளவு உண்மைதான். 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும் பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்த்தின. ஆயினும் 2023 ஆகஸ்டில், நம் மாவட்டத்து நாங்குநேரியில், நம் மாணவன் ஒருவனும் தடுக்க வந்த தங்கையும் வீட்டிற்குள் வைத்து வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன் பயின்ற மாணவர்கள். அதற்குமுன் அவன் தொல்லை தாளாது சில நாட்கள் பள்ளிக்கு வராமலிருந்தான் என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது. வருகைப் பதிவேட்டில் விழும் ஒவ்வொரு சுழியும் ஒரு செய்தி. அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கையில், மாணவரைப் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்துக என்றும், சாதி காட்டும் கைக்கயிறுகளை விலக்குக என்றும் பரிந்துரைத்தது. சிறு செயல்களாகத் தோன்றும். கடைசி பெஞ்சிலேயே பத்தாண்டு இருந்தவருக்கு அதன் பெருமை தெரியும்.

எங்கள் வேலையும் இத்தகைய சிறு செயல்களில்தான் இருக்கிறது. உதவித்தொகைப் படிவம் வந்தால், "இன்னார் எல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் கூவக் கூடாது. தனித்தனியே அழைத்துக் கையொப்பம் பெறலாம். கூட்டுவதும் தண்ணீர் எடுப்பதும் முறைப்படி எல்லாருக்கும் சுற்றி வர வேண்டும். கழிவறைக்கு எந்தப் பிள்ளையையும் ஏவக் கூடாது. பிள்ளை வீட்டுப் பேச்சில் விடை சொன்னால், முதலில் விடையைப் பாராட்டுவோம்; எழுத்துநடையைப் பிறகு கற்பிக்கலாம். கார், பிசானம் நடவுக் காலத்தில் தாய் விடியுமுன் வயலுக்குப் போய்விடுவாள். தம்பியைக் குளிப்பாட்டிவிட்டு அக்காள் பிந்தி வருவாள். அவளை வாசலில் நிறுத்தி வைக்கும் பள்ளி, இரண்டாம் பருவத்தில் அவளைப் பீடித் தட்டின் முன்தான் காணும்.

பெற்றோர்களே, பள்ளிக்கு வந்தால் தூணோரம் நிற்காதீர்கள். நாற்காலி போடச் சொல்லி அமருங்கள். உங்கள் பிள்ளை எந்த பெஞ்சில் இருக்கிறான், எந்தக் குவளையில் நீர் குடிக்கிறான், அவனை ஆசிரியர் என்ன பெயரிட்டு அழைக்கிறார் என்று கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றி அதன்பின் பேசலாம். கழகத்தார் மாதம் ஒருமுறை இருவரை அனுப்பினால், தலைமையாசிரியர்களாகிய நாங்கள் கதவைத் திறந்து வைப்போம்.