தோட்டியின் மகன்: பிள்ளையைத் தூக்காத அப்பா

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' 1947இல் மலையாளத்தில் வந்த நாவல். தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தார். கதை நடப்பது ஆலப்புழை நகரத்தில். ஆனால் அங்கே மலம் அள்ளுகிறவர்களின் பெயர்கள் இசக்கிமுத்து, சுடலைமுத்து. தமிழர்கள்.

இந்த நாவலைத் தொழிற்சங்கக் கதையாகப் பலரும் பேசியிருக்கிறார்கள். நான் இதில் வரும் அப்பா மகன் உறவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இசக்கிமுத்து நோயில் விழுகிறார். அவருடைய வாளியை மகன் சுடலைமுத்து எடுக்கிறான். நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. அப்பன் மகனுக்கு விட்டுப்போகும் சொத்து அந்த வாளிதான். அவர் இறந்த பிறகு கௌரவமாகப் புதைக்கக்கூட வழியில்லை. மலக்கிடங்கில் புதைத்த உடலை நாய்கள் தோண்டி இழுக்கின்றன.

தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று சுடலைமுத்து முடிவு செய்கிறான். மகனுக்கு மோகனன் என்று பெயர் வைக்கிறான். ஊரே சிரிக்கிறது. காசு சேர்க்கிறான். அதற்காக நகராட்சித் தலைவரை நம்புகிறான், கூட வேலை செய்கிறவர்களின் சங்கத்தைக் காட்டிக்கொடுக்கிறான். தன் நாற்றம் ஒட்டிக்கொள்ளும் என்று பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக்கூடப் பயப்படுகிறான்.

இந்த இடத்தைக் கவனியுங்கள் தோழர்களே. ஊர் அவனிடம் கடைப்பிடித்த தீண்டாமையை, பாசத்தின் பேரால் அவனே தன் வீட்டுக்குள் கொண்டு வருகிறான். அவனைத் துரோகி என்று சொல்லிவிடுவது எளிது. நானும் கல்லூரியில் படித்தபோது அப்படித்தான் சொன்னேன்.

என் அப்பாவும் துப்புரவுத் தொழிலாளிதான். வேலை முடிந்து வந்தால் குளிக்காமல் எங்கள் பக்கம் வரமாட்டார். பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதுவேன். அது அவருக்கும் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்பா பணியில் இருக்கும்போதே இறந்தார். வாரிசு வேலை தருவதாகச் சொன்னார்கள். நான் பட்டதாரி, தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. ஆனால் யார் வந்தாலும் துப்புரவு வேலைதான் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். தம்பி கையெழுத்துப் போட்டான். அவன் சம்பளத்தில்தான் நான் மேற்படிப்பு முடித்தேன். பிறகு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனேன். அவன் வீட்டுக்குப் போவது குறைந்தது. போனாலும், "சாப்பிட்டுட்டுப் போண்ணே" என்று அவன் சொல்லும்போது பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவேன்.

இந்த நாவலை இரண்டாம் முறை படித்தபோதுதான் புரிந்தது. சுடலைமுத்து எனக்கு வெளியில் இல்லை.

சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையும் பிரிக்கிறது என்றார் அண்ணல் அம்பேத்கர். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரையும் அது பிரிக்கும் என்பதை நான் என் வீட்டில் பார்த்தேன்.

சுடலைமுத்துவின் கனவு பலிக்கவில்லை. கொள்ளைநோய் பெற்றோரைக் கொண்டுபோகிறது. மோகனனும் வாளியைத் தூக்குகிறான். ஆனால் அப்பன் உடைத்த இடத்தில் மகன் சேர்ந்து நிற்கிறான், போராட்டத்துக்கு வருகிறான். ஒருவன் மட்டும் தப்பித்துப் போக முடியாது என்று நாவல் சொல்கிறது. படிக்க வேண்டாம், வெளியேற வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. வெளியேறியவன் கதவைச் சாத்திவிட்டுப் போகக் கூடாது என்பதுதான் பொருள்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2023இல் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. சாவுக்கு விலை கூடுகிறது, சாவு நிற்கவில்லை. அப்பா போன இடத்துக்கு அதே வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடும் வழக்கமும் நிற்கவில்லை. துப்புரவுத் தொழிலாளியின் வாரிசுக்கு அவர் படிப்புக்கேற்ற வேலை கொடு என்று நாம் கேட்க வேண்டும். அந்த வேலையை முழுக்க இயந்திரத்திடம் விடு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

போன மாதம் தம்பி வீட்டில் சாப்பிட்டேன். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. இந்தக் கூட்டத்துக்கு வா என்று கூப்பிட்டேன். இன்று அவனுக்கு டூட்டி.

ஜெய்பீம்.