டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பங்குப் பத்திரம்

(உடப்புசல்லாவையில் தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்த கையோடு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறோம்.

பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தச் சட்டத்தால் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. நட்டம் ஏறியது. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது. காணி மட்டும் விற்கப்படவில்லை. அது இன்றும் அரசாங்கக் காணிதான், கம்பனிக்குக் குத்தகை.

அதே காலத்தில் ரஷ்யாவிலும் இப்படி ஒரு மாற்றம். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபின், கூட்டுப் பண்ணைக் குடும்பங்களுக்கு நிலத்தில் பங்கு என்று ஒரு கடதாசி கொடுத்தார்கள். அதை வைத்து என்ன செய்வதென்று பலருக்கு விளங்கவில்லை. பலருடைய பங்கு கடைசியில் பண்ணையை நடத்தியவர்கள் கைக்கே போனது.

நமக்கும் ஒரு கடதாசி வந்தது. 1995க்குப் பிறகு கம்பனிகளின் பங்குகளை அரசாங்கம் விற்றபோது, நூற்றுக்குப் பத்து வீதம் ஊழியருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. அதுதான் பங்குப் பத்திரம். கம்பனி இலாபம் பங்கிடும் வருடத்தில் பங்குதாரருக்கும் ஒரு தொகை உண்டு. பெரிய காசு என்று ஆசை காட்ட மாட்டோம். ஆனாலும் அது உங்கள் சொத்து.

ஒரு அம்மா அதைக் கல்யாணச் சேலைக்குள் மடித்து வைத்திருந்தார். "சங்கத்துச் சந்தாத் துண்டுன்னு நெனச்சேங்க ஐயா" என்றார். புருஷன் இறந்து பல வருடம். பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர், மரணச் சான்றிதழில் மூன்றாவது பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட அந்த அம்மா எத்தனை நாள் பேர் இழந்து அலைந்தார்! குற்றம் அவருடையதல்ல. கொடுத்த அன்றைக்கே நம்மைப் போன்ற உத்தியோகத்தர்கள் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே இன்று ராத்திரி பெட்டியைத் திறந்து பாருங்கள். பத்திரம் கிடைத்தால் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், போட்டோ பிரதி போதும். விற்கச் சொன்னால் அன்றைய விலையை விசாரிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லாப் பத்திரத்திலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று படிக்கிற பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெயர்தான் ஈ.பி.எப். காசுக்கும் வேண்டும். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் போடுவது 12 வீதம். பென்ஷன் போகும்போது திருத்தலாம் என்று இருக்காதீர்கள். கடதாசிகளோடு எங்கள் ஆபிசுக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.