அடுத்த திருத்தத்தையும் கணக்கிடுங்கள்



2012 ஜூலை 4 அன்று, ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வகம், கோட்பாடு முன்பே கணித்திருந்த ஹிக்ஸ் போசானை ஒத்த ஒரு புதிய துகளைக் கண்டதாக அறிவித்தது. அது ஹிக்ஸ்தானா என்று சோதிக்க, புரோட்டான் மோதல்களில் அது எவ்வளவு உருவாக வேண்டும் என்ற கணிப்பு கையில் இருக்க வேண்டும். அந்தக் கணிப்புக்காக உழைத்தவர்களைப் பற்றித்தான் பட்டம் பெறும் உங்களிடம் இன்று பேச விரும்புகிறேன்.

புரோட்டானுக்குள் இருக்கும் குளுவான் என்னும் துகள்கள் இரண்டு இணைவதால்தான் பெரும்பாலான ஹிக்ஸ் துகள்கள் பிறக்கின்றன. அதற்கான வாய்ப்பை ஒரே மூச்சில் கணக்கிட்டுவிட முடியாது. முதலில் ஒரு தோராயம், அதன்மேல் ஒரு திருத்தம், பிறகு இன்னொன்று எனப் படிப்படியாகத்தான் நெருங்க முடியும். முதல் தோராயம் 1978-இல் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் முதல் திருத்தத்தைச் சேர்த்தபோது விடை ஏறத்தாழ இருமடங்கானது! அவ்வளவு பெரிய திருத்தம் வந்தால், அடுத்தது என்ன செய்யுமோ என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

2002, 2003 ஆண்டுகளில் மூன்று குழுக்கள் இரண்டாம் திருத்தத்தைத் தனித்தனியே முடித்தன. விடைகள் ஒத்துப்போயின. அக்குழுக்களில் ஒன்றில் இருந்தவர், பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியரான வி. ரவீந்திரன். மூன்றாம் திருத்தம் 2015-இல் வந்தது. விடை சில விழுக்காடே நகர்ந்தது. இந்தத் திருத்தத் தொடர் நிலைகொள்கிறது என்ற நம்பிக்கை அப்போதுதான் உறுதிப்பட்டது.

2016-இல் வெளியான விரிவான கணிப்பு, 13 டெரா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்ட மோதல்களுக்கு விடை 48.58 பிகோபார்ன் (துகள் உருவாகும் வாய்ப்பை அளக்கும் அலகு) என்றது. கூடவே, கோட்பாட்டின் பிழை எல்லை மேலே சுமார் 4.6 விழுக்காடு, கீழே சுமார் 6.7 விழுக்காடு என்றும் சொன்னது. அந்த எல்லை இல்லாவிட்டால், சோதனையில் சிறு வேறுபாடு தெரியும்போது அது புதிய இயற்பியலா, கணக்கின் குறையா என்று யாராலும் சொல்ல முடியாது.

பட்டதாரிகளே, மருத்துவமோ பொறியியலோ ஆட்சிப் பணியோ, எந்தத் துறைக்குப் போனாலும் உங்களிடம் விடை கேட்பார்கள். விடையோடு, அது எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் சொல்லுங்கள். முதல் விடை கிடைத்ததும் நின்றுவிடாமல், அடுத்த திருத்தத்தையும் கணக்கிடுங்கள். வேறொருவர் தனியே சரிபார்க்க முன்வந்தால் வரவேற்றுக் கணக்கைக் கையில் கொடுங்கள். ஒரு சமூகம் படித்தவர்களை நம்புவது இந்த நேர்மைக்காகத்தான்.